முக்கா சார்

காலை பத்து இருபதுக்கு என் மகள் ஹரிணி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதனால் நேரம் நினைவிருக்கிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குடியிருப்பைத் தாண்டிய மணலில், பள்ளி மாணவிகளுக்கான கைப்பந்துப் போட்டி நடந்தது. ஏப்ரல் மாதம். பெண்கள் உடை மாற்ற இரண்டு பைபர் அறைகளைக் கடலோரமாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஆள் நிற்கும் அளவு, தொலைபேசிக் கூண்டு மாதிரி. கருநீல நிறம். கதவு கடலைப் பார்த்து இருந்தது. காலை வெயில் முழுதும் அதன்மேல்தான். கதவுப் பக்கம் தவிர அறைகளைச் சுற்றி, போட்டிக்குப் பணம் கொடுத்த பிரமுகரின் படம் போட்ட பிளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

கதவு வெளிப்பக்கம் திறப்பது. சரியாகச் சாத்த முடியவில்லை. அவளுடைய தோழி வெளியிலிருந்து தோளால் அழுத்திக் கொடுக்க, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தோழி ஆடுகளத்துக்கு ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம்.

"அம்மா, தாப்பா வரமாட்டேங்குது."

குரலில் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனேன். அருகில் போனதும் கதவின் நடுப்பகுதி வயிறு மாதிரி வெளியே தள்ளியிருப்பதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அதன் மூலைகளைப் பார்த்தேன். மேல் மூலை இரண்டும் உருண்டை, கீழ் மூலை இரண்டும் கூர்மை. அப்படி ஒரு அச்சு எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதைச் செய்தவரையும் எனக்குத் தெரியும்.

அவரிடம் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். செங்கல்பட்டுக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. தண்ணீர்த் தொட்டி, காவலாளிக் கூண்டு, குளியலறைக் கதவு, படகுக்கு மூடி, எல்லாம் பைபரில் செய்வார்கள். உள்ளே நுழைந்தால் பைபருக்கு ஊற்றும் ரெசின் பிசினின் நெடி மூக்கில் ஏறும். ஒரு மாதத்தில் அது பழகிப்போய், வீட்டுக்கு வந்தால் வீட்டுக் காற்றுதான் வித்தியாசமாக இருக்கும். நான் பி.காம். கணக்குக்கு என்று என்னை எடுத்தார். ஆனால் நான் செய்த வேலை பெரும்பாலும் தொலைபேசியை எடுப்பது.

கொட்டகையில் அவருக்கு முக்கா சார் என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். டீ முக்கால் டம்ளர் குடித்ததும் மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எதிர்க் கடைக்காரர் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அவருக்கு முக்கால் டம்ளர் மட்டும் ஊற்றினார். அதிலும் முக்கால் குடித்துவிட்டு எழுந்து போனார்.

டீ மட்டும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பதற்குள் இறங்கிவிடுவார். நாம் ஒரு வாக்கியம் சொல்லும்போது கடைசி இரண்டு சொல் அவருக்குத் தேவைப்படாது, "சரி சரி" என்று கிளம்பிவிடுவார். தொலைபேசியில் "வெச்சிடறேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நம் காதில் பேச்சு இருக்கும்போதே லைன் செத்திருக்கும்.

அவருடைய மனைவி ஆயுத பூஜைக்குக் கொட்டகைக்கு வருவார். மதுராந்தகம் பக்கத்துக்காரர். கலகலவென்று பேசுவார்.

"இவரோட எத்தினி படம் பாத்துகீறேன் தெரியுமா? ஒண்ணுலயாவது வில்லன் செத்தானா பொழச்சானான்னு தெரியாது எனக்கு. கடைசி சண்டை ஆரம்பிச்சா செருப்பு தேடுவாரு."

"கூட்டம் வந்துடும்ல, வண்டி எடுக்க வாணாமா?" என்று முக்கா சார் வாசலில் இருந்து சொல்வார்.

"கல்யாணத்துல மட்டும் இன்னா? தாலி ரெண்டு முடிச்சு போட்டாரு, எழுந்துட்டாரு."

"மூணாவது நாத்தனார்தானேக்கா போடணும்?" என்றாள் ஒரு பெண்.

"போடணும். ஆனா அதுக்காவது மாப்ள உக்காந்துகினு இருக்கணும்ல? எங்க நாத்தனார் முடிச்சு போட்டு நிமிர்ந்து பாத்தா, பக்கத்துல மாலை மட்டும் கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், முக்கால் சிரிப்பு. அதற்குள் வாசலுக்கு வெளியே போய்விட்டிருந்தார்.

சிரிக்க முடியாதது அவர் செய்த பலகைகளில் இருந்தது.

பைபர் கதவு செய்வது அப்படி ஒன்றும் பெரிய மாயம் இல்லை. அச்சில் மெழுகு தேய்த்து, வண்ணப் பூச்சு அடித்து, அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசினில் நனைப்பார்கள். ரெசின் இறுக ஒரு மருந்து கலந்திருக்கும். அது இறுகும்போது சூடாகும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கினால் கதவு நேராக இருக்கும். இல்லையென்றால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு முறை ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்து மாணவிகள் நான்கு பேர் வந்தார்கள். பைபர் பலகை ஏன் வளைகிறது என்பதுதான் அவர்களுடைய ஆய்வுத் திட்டம். முக்கா சார் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவர். வளைந்த பலகை பற்றி அவரைவிட அனுபவம் உள்ளவர் அந்த மாவட்டத்தில் இருந்திருக்க முடியாது. வலது கையை விரித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"எழுதிக்குங்கம்மா. ஒண்ணு, மருந்து ஜாஸ்தி. சீக்கிரம் எறுகட்டும்னு மருந்த ஊத்தினா ஒரு எடம் கொதிக்கும், ஒரு எடம் பச்சையாவே கெடக்கும். ரெண்டு, மோல்ட்ல இருந்து சூட்டோட எடுக்கறது. இட்லிய வேவறதுக்குள்ள எடுத்தா இன்னா ஆவும்? அதான். மூணு, எடுத்தத செவுத்துல சாய்ச்சி வெய்யில்ல வெக்கறது. பச்சப் பலகை, சாய்ஞ்ச மாதிரியே எறுகிடும். நாலு, ஒரு பக்கம் ரெண்டு பாய், இன்னொரு பக்கம் ஒரு பாய். வெய்யில் பட்டா ரெண்டும் ரெண்டு மாதிரி இழுக்கும். அது ஜென்மத்துக்கும் நேராவாது. அஞ்சு…"

சுண்டுவிரலை மடக்கியபடியே எழுந்து போய்விட்டார்.

மாணவிகள் பேனாவோடு காத்திருந்தார்கள். கடைசியில் ஒருத்தி என்னிடம், "மேடம், அஞ்சாவது?" என்றாள். எனக்கும் தெரியாது. பாய் விரித்துக்கொண்டிருந்த கஸ்தூரி அக்கா கையுறையைக் கழற்றாமலே வாசல் பக்கம் காட்டினாள்.

"அஞ்சாவது அதோ போவுது பாரு."

அவள் சொன்னது நியாயம்தான். அந்த நான்கும் எங்கள் கொட்டகையில் தினமும் நடந்தன. மழைக்காலத்தில் ரெசின் இறுக நேரமாகும், அவர் வந்து இன்னும் இரண்டு மூடி மருந்து ஊற்றுவார், வாளியில் புகை வரும். அச்சில் ஒரு ராத்திரி இருக்க வேண்டிய கதவை மாலையே எடுக்கச் சொல்வார். "எடுத்துடு, எடுத்துடு, ஒண்ணும் ஆவாது." உள்பக்கம் இரண்டாவது பாய் போடப் போகும்போது, "போதும், உள்பக்கத்த யாரு பாக்கப் போறா?" என்பார்.

"ஒரு புள்ளைக்கு ரெண்டு பங்கு, ஒரு புள்ளைக்கு ஒரு பங்கு போட்டா வூட்ல சண்ட வராதா சார்?" என்பாள் கஸ்தூரி அக்கா.

"சண்ட வந்தா அப்ப பாத்துக்கலாம்."

கஞ்சத்தனம் என்று வெளியாட்கள் நினைத்தார்கள். இல்லை. ஒரு பாயை மிச்சம் பிடிப்பவர் அதைவிட விலையான ரெசினை வாளி வாளியாகக் கொதிக்கவிட்டுக் கெடுக்க மாட்டார். தீபாவளிக்குக் கேட்டதற்கு மேல் கொடுப்பவர். காரணம் தெரியாதவரும் இல்லை, விரல் விட்டுச் சொல்கிறாரே. கடைசிக் கட்டம் வரும்போது அவரால் அந்த இடத்தில் நிற்க முடியாது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அதை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அச்சைப் பிரிப்பது அங்கே எல்லோருக்கும் பிடித்த வேலை. ஓரத்தில் மர ஆப்புகளைச் செருகி மெல்லத் தட்டுவார்கள். உள்ளே காற்று புகும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு பெரிய "டொப்". பலகை அப்படியே எழும்பி வரும். பளபளவென்று, நேராக அல்லது கோணலாக. அந்த நொடிக்காக அலுவலக அறையில் இருந்து நானும் எழுந்து போய் நிற்பேன். அவர் மட்டும் இருக்க மாட்டார். வாசலில் நமக்கு முதுகு காட்டி நின்று லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார். ஒரு முறை ஒரு பேருந்துக் கூரைப் பலகையைப் பிரித்த அன்று, அவர் கையெழுத்து வாங்க நான் வாசலுக்கே போனேன். கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே லாரி இல்லை. ஆளும் இல்லை.

என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், எத்தனை மணிக்கு என்று எல்லாம் கேட்டார். சொந்தக் காரை ஓட்டுநரோடு அனுப்பினார். ரத்தம் கொடுக்கக் கொட்டகையில் இருந்து இரண்டு பேரை அனுப்பினார். அதன் பிறகு கேட்கவே இல்லை. நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் கேட்கவில்லை. உலகத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி, "அப்புறம் என்ன ஆச்சு?" அது அவர் வாயில் வராது. ஒரு நாள் நானாகவே, "சார், அம்மா நல்லா இருக்காங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாசலைப் பார்த்தார். எனக்கு மனம் கசந்தது. இவ்வளவு செய்கிறவருக்கு இந்த ஒரு வார்த்தை கேட்க என்ன என்று நினைத்தேன்.

கதவு வாங்கியவர்களின் தொலைபேசிகள் என்னிடம்தான் வரும். கேளம்பாக்கம் அடுக்குமாடிகளில் இருந்துதான் அதிகம்.

"மேடம், எங்க பாத்ரூம் கதவு டூட்டி பாக்குது. காலையில தொறக்குது, மத்தியானம் லீவு போட்டுடுது."

அதற்கு ஒரு பதிலை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். "வெயில் தாழட்டும் சார். சாயங்காலம் தானா சரியாயிடும்." பொய்யும் இல்லை. வெளிப்பக்கம் சூடேறினால் கதவு வளையும், ஆறினால் பழைய நிலைக்கு வந்துவிடும். நான் அந்த வாக்கியத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மாலையில் கதவு திறந்துவிடும், அவர்களும் மறந்துவிடுவார்கள்.

ஹரிணி வயிற்றில் இருந்தபோது ரெசின் நெடி ஆகாது என்று வேலையை விட்டேன். பிறகு நாங்களும் கேளம்பாக்கத்துக்குக் குடிவந்தோம். அவரைப் பிறகு பார்க்கவில்லை. எண் மட்டும் கைபேசி மாறும்போதெல்லாம் கூடவே வந்துகொண்டிருந்தது.

இனி அந்தக் கதவு.

ஹரிணி உள்ளிருந்து தட்டியதும் நான்கைந்து பேர் கூடினார்கள். போட்டியை நடத்தியவர்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர், பள்ளியின் பி.டி. மிஸ். வெளிப்பக்கம் திறக்கிற கதவு, எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வந்தது.

"புடி மச்சான். ஒரே இழு."

இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் கைப்பிடி பெயர்ந்து இரண்டு பேர் மணலில் உட்கார்ந்தார்கள். சிலர் சிரித்தார்கள். உள்ளே ஹரிணி, "அம்மா, தாப்பா வளைஞ்சிடுச்சு" என்றாள். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"பயப்படாத. வந்துடும்."

"ரொம்ப சுடுதும்மா. தலை சுத்துது."

ஒருவர் கடப்பாரை எடுத்துவர ஓடினார். நான் வேண்டாம் என்று கத்தினேன். மூன்றடி இடத்தில், கதவுக்குப் பின்னாலேயே அவள் நிற்கிறாள். எங்கே நெம்பினாலும் முனை அவள்மேல்தான் போகும். பி.டி. மிஸ் தீயணைப்புக்குப் போன் செய்துகொண்டிருந்தார். கடலில் இருந்து துளிக் காற்று இல்லை.

"கடக்காத்து பன்னெண்டுக்குத்தாம்மா வரும்" என்றார் வலைக்காரர் ஒருவர். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

வெயில் தாழட்டும், சாயங்காலம் தானா சரியாயிடும். என் குரலிலேயே அது எனக்குக் கேட்டது. கைபேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்தினேன்.

"சொல்லும்மா" என்றார், நேற்றுதான் வேலையை விட்டுப் போனவளிடம் பேசுவது போல.

"சார், மாமல்லபுரம் பீச்ல உங்க நீலக் கேபின். உள்ள என் பொண்ணு…"

"இழுக்காதீங்க." நான் முடிக்கவில்லை, அவருக்குத் தேவைப்படவும் இல்லை. "ஒருத்தனும் இழுக்கக் கூடாது. உள்ள தள்ளுங்க, நடு வயித்துல. தண்ணி ஊத்துங்க. இங்க பக்கத்துல, புதுப்பட்டினத்துல கீறேன், வந்துகினே…"

லைன் செத்துவிட்டது.

"உள்ளே தள்ளணுமாம்" என்றேன்.

"வெளிய தொறக்கற கதவ உள்ள தள்றதா? வெய்யில்ல உனுக்கு இன்னா ஆச்சும்மா?" என்றார் கைப்பிடியைப் பெயர்த்தவர்.

எனக்கு விளக்கத் தெரியவில்லை. தாழ்ப்பாள் வளையத்துக்குள் மாட்டியிருக்கிறது. கதவு வெளியே வளைய வளைய அது இறுகிக்கொண்டே போகும். இழுத்தால் இன்னும் இறுகும். இதெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அப்போது நான் கதவில் என் முதுகை வைத்துக் காலை மணலில் ஊன்றித் தள்ளினேன். பின்கழுத்து தோசைக்கல்லில் பட்டதுபோல் சுட்டது. வலைக்காரர்கள் ஒன்றும் கேட்காமல் வந்து பக்கத்தில் கை வைத்தார்கள். பி.டி. மிஸ் இரண்டு வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அது வெதுவெதுவென்று இருந்தது. கதவில் பட்டதும் காய்ந்தது.

நான் ஹரிணியைப் பேச வைத்துக்கொண்டே இருந்தேன். வாய்ப்பாடு கேட்டேன். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவள் பதில்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

அவர் மோட்டார் பைக்கில் மணலுக்குள்ளேயே வந்தார். வண்டி சறுக்கி விழுந்தது. விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சக்கரம் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டவும் இல்லை. நேராகப் போய்ப் பிளெக்ஸைப் பிடித்துக் கிழித்தார். அதற்குப் பின்னால்தான் அறையின் காற்றுத் துளைகள் இருந்தன. அதுவரை எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

"யோவ், தலைவர் மூஞ்சி!" என்றார் நடத்தியவர்களில் ஒருவர்.

"மூஞ்சி நாளைக்கு வேற அடிச்சிக்கலாம், போய்யா."

பிறகு மீன் ஏலம் நடக்கும் பக்கம் ஓடினார். ஐஸ் வண்டியில் தொப்பி வைத்த பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பாய், இன்னா வெச்சிகினு கீற, எல்லாத்தையும் கொண்டா."

"எதுக்கு அண்ணாத்த?"

"சாயங்காலம் ஆவற வரிக்கும் இந்தப் புள்ள தாங்காது. நாமளே சாயங்காலம் பண்ணணும். கொண்டா."

பாய் வண்டியையே மணலில் ஓட்டிவந்துவிட்டார். உடைத்த ஐஸை வாளியில் அள்ளிக் கடல் தண்ணீரில் கலக்கிக் கதவுமேல் வீசினார்கள். சாக்கை நனைத்து ஐஸோடு கதவில் அழுத்திப் பிடித்தார்கள். துளைகள் வழியாகவும் ஊற்றினார்கள். உள்ளே ஹரிணி வீறிட்டாள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாக இருந்தது.

"கண்ணு, பேர் இன்னா?" என்றார் அவர், வாயைக் கதவில் வைத்து.

"ஹரிணி."

"ஹரிணி, மூணு எண்ணுவேன். மூணு சொல்றப்போ நாங்க தள்ளுவோம், நீ தாப்பாள இழு. சரியா? ஒண்ணு, ரெண்டு…"

தள்ளிவிட்டார். எல்லோரும் தள்ளினார்கள்.

"மூணு சொல்லவே இல்ல!" என்றாள் ஹரிணி உள்ளிருந்து அழுதுகொண்டே.

இன்னொரு முறை. ஒண்ணு, ரெண்டு, தள்ளல். தாழ்ப்பாள் நகரவில்லை. மறுபடி ஐஸ், மறுபடி சாக்கு. கதவின் வயிறு கொஞ்சம் உள்ளே போயிருந்தது, என் கண்ணுக்கே தெரிந்தது.

"ஹரிணி, இன்னொரு தடவ" என்றார்.

பதில் இல்லை.

"ஹரிணி."

துளை வழியாக ஊற்றிய தண்ணீர் அறையின் அடியில் கசிந்து மணலில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பக்கத்தில் அவர் தோள் கதவை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்தாறு வாக்கியங்களில் அந்த முகத்தைச் சொல்லிவிட முடியும் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை. ஐஸ் பாயின் கையைப் பிடித்துத் தன் இடத்தில் வைத்தார். "நீ புடி" என்றார். போய்விட்டார்.

எங்கே போனார் என்று நான் பார்க்கவில்லை. உள்ளங்கையால் கதவை ஓங்கி அடித்தேன். அவளை நான் அடித்ததே இல்லை. அவளை அடிக்கிற மாதிரி அடித்தேன். "ஹரிணி, எழுந்திரு. அம்மா எண்ணறேன். எழுந்திருடி."

உள்ளே ஏதோ உரசியது.

"ஒண்ணு. ரெண்டு." வலைக்காரர்கள், பாய், பி.டி. மிஸ் எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். "மூணு."

தள்ளினோம். 'டக்' என்று ஒரு சத்தம். கை எடுத்ததும் கதவு தானாகவே வெளியே வந்தது. ஹரிணி நனைந்த துணி மாதிரி என்மேல் விழுந்தாள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. கண் திறந்திருந்தது. "மூணு சொன்னே" என்றாள்.

அவளை ஐஸ் வண்டியின் நிழலில் படுக்க வைத்தோம். அக்குளில் ஐஸ் வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். தீயணைப்பு வண்டி சாலையோரம் வந்து நின்றது. இரண்டு வீரர்கள் மணலில் ஓடிவந்து அவள் நாடியைப் பார்த்தார்கள், மருத்துவமனையில் ஒரு முறை காட்டிவிடுங்கள் என்றார்கள். மருத்துவரும் பிறகு ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். கதவை அடித்த என் கை மட்டும் இன்னும் சரியாகவில்லை. எங்கள் வீட்டில் இப்போது எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. என் கணவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார், ஏன் என்று கேட்கவில்லை. ஹரிணி குளிக்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாட்டு நின்றால் நான் போய்த் தட்டுவேன். அவளுக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும்.

கோபம் இருக்கிறதா என்று என் கணவர் கேட்டார். உள்பக்கம் ஒரு பாய் குறைத்துச் செய்த கதவு அது. நாலாவது விரல். கோபம் இல்லாமல் எப்படி? ஆனால் என் வாக்கியம் முடிவதற்குள் வண்டியில் ஏறி வருகிற இன்னொரு ஆளையும் எனக்குத் தெரியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றேன், அச்சு பிரியவில்லை.

அன்று கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் ஞாபகம் வந்தது. பைக் விழுந்த இடத்திலேயே கிடந்தது. சுற்றிப் பார்த்தேன். தூரத்தில், கரையேற்றியிருந்த படகுகளுக்கு அப்பால், எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி ஒருவர் நின்றிருந்தார். யாரிடமோ பேசுவது போல ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது. எதிரில் யாரும் இல்லை.

நான் கூப்பிடவில்லை. தீயணைப்பு வண்டி போனது. கடல்காற்று வந்தது. கிழிந்த பிளெக்ஸ் படபடத்தது. அந்தச் சத்தத்துக்கோ என்னவோ, அவர் திரும்பினார். படகு படகாகக் கை வைத்துக்கொண்டு, மெதுவாக, அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை, எங்களை நோக்கி வந்தார். ஹரிணி ஐஸ் வண்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள், அவருக்குத் தெரிந்திருக்காது. பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். திறந்து கிடந்த கதவைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் கையில் இருந்த ஹரிணியின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அப்புறம்… இன்னாம்மா ஆச்சு?"